செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாடிப்படித் திருப்பம்

மைக் இன்னும் வேலை செய்யவில்லை. இப்போதைக்கு இசக்கியம்மாளுக்கு மிச்சமிருந்த ஆறுதல் அந்த ஒன்றுதான். கீழே பெரிய ஹாலில் ஆவுடையப்பன் சார் சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்கை விரலால் தட்டித் தட்டி, கேக்குதா, பின்னாடி கேக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தார், கேக்கலை சார் என்று பிள்ளைகள் கத்துவது மட்டும் நன்றாகக் கேட்டது. மேலே வேதியியல் லேபில் குழாய்த் தண்ணீர் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது, பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழல்களைக் கழுவுகிறார்கள், கழுவி ஸ்டாண்டில் மாட்டி முடித்ததும் கிரேஸ்லின் மேடம் நம்பர் கூப்பிடுவார், கூப்பிட்டு முடித்ததும் கதவைச் சாத்துவார், சாத்தினால் சாத்தினதுதான், யார் வந்து கெஞ்சினாலும் திறக்கிறதில்லை. ரெண்டுக்கும் நடுவில், மாடிப்படி திரும்புகிற இடத்தில், இவள் நின்றாள். வெள்ளைக் கோட்டில் ஒரு கையை நுழைத்தாயிற்று, மற்ற கையை நுழைக்க மனசு வரவில்லை. நுழைத்தால் மேலே போகவேண்டும். கழற்றினால் கீழே போகவேண்டும். மேலே போனால் கீழே ஆப்சென்ட், கீழே போனால் மேலே ஆப்சென்ட், இன்றைக்கு எந்தப் பக்கம் ஒன்று விழுந்தாலும் பரீட்சை எழுத விடமாட்டார்கள், டீடெய்ன், வருஷமே போச்சு, ஹாஸ்டல் ரூமும் போச்சு. நேற்று ஆபீஸில் இருக்கிற அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார், ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை என்று சொல்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் இல்லாமல். கைப்பிடிக் கம்பி சில்லென்று இருந்தது. ஜன்னல் கட்டையில் ஒரு புறா இவளையே பார்த்தது. அதுக்கென்ன, அதுக்கு நம்பர் கிடையாது.

என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கப் போனால் முதல் நாள்தான் வந்து முன்னால் நிற்கிறது. முதல் நாளே தப்புதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், வாத்தியார்மார்தான் மாறி மாறி வருவார்கள், மணி அடித்தால் கணக்கு டீச்சர் போவார், அறிவியல் சார் வருவார், பிள்ளைகளுக்கு வேலை தண்ணீர் குடிக்கிறதும் அடுத்த புத்தகத்தை எடுக்கிறதும்தான். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து முதல் வகுப்பு முடிந்ததும் இவள் பாட்டுக்கு இருந்த இடத்திலேயே இருந்தாள். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது டீ குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அறை காலியானது, பிறகு வேறு யார் யாரோ வந்து நிறைந்தார்கள், எல்லாருக்கும் மீசையும் தாடியும், ஒரு சார் வந்து பாண்டியர் காலத்துக் குளங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், இதுவும் பாடம்தான் போல என்று இசக்கி எழுதிக்கொண்டாள், மதகு, கலிங்கு, குமிழி என்று பக்கம் பக்கமாக. கடைசியில் பக்கத்தில் இருந்தவன், நீ எந்த வருஷம் என்று கேட்டான். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி என்றாள். அவன் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய அவமானம், பாவம் என்கிற மாதிரி பார்த்தான். அன்றைக்குத்தான் தெரிந்தது, இந்த ஊரில் பாடம் ஆளைத் தேடி வராது, ஆள்தான் பாடத்தைத் தேடி ஓடவேண்டும். அதிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் மூணு நாலு வேஷம். ஹாலில் மொத்தமாக உட்கார்ந்து கேட்கிறது லெக்சர். கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது பிராக்டிகல். சனிக்கிழமை ஆன்லைன், அதுக்கு ஹாஸ்டல் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம்தான் சிக்னல், மூஞ்சி தெரியவேண்டும் என்று சார் சொல்வார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி இவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏம்மா அழுகிறாய் என்று ஒருநாள் கேட்டார். அப்புறம் டுட்டோரியல். இவள் ஊர் களக்காட்டில் டுட்டோரியல் என்றால் பத்தாம் வகுப்பு பெயிலானவர்கள் போகிற இடம். சேர்ந்த வாரத்திலேயே நம்மை பெயில் லிஸ்டில் போட்டுவிட்டார்களே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு மேசையைச் சுற்றிக் கொஞ்சம் பிள்ளைகள், ஒரு சார், சந்தேகம் இருந்தா கேளுங்க என்றார், ஒருத்தரும் கேட்கவில்லை, சார் ஜன்னலைப் பார்த்தார், பிள்ளைகள் சாரைப் பார்த்தார்கள், மணி அடித்தது. கேட்டிருக்கலாம். அப்போதே கேட்டிருக்கலாம். சார், ஒரே நேரத்துல ரெண்டு கிளாஸ் இருந்தா எதுக்குப் போகணும். இவ்வளவுதானே சந்தேகம். தொண்டை வரைக்கும் வந்தது. வந்து, திரும்பிப் போய்விட்டது.

ஹலோ, ஹலோ. இல்லை, இன்னும் இல்லை. உயிர் வந்த மாதிரி ஒரு கொரகொரப்பு வந்து அடங்கிப்போனது. லேப் நேரத்தை மேலே கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டில் போட்டார்கள், ரெண்டாம் பேட்ச் செவ்வாய் மத்தியானம் என்று. கீழே இருக்கிற ப்ரிட்ஜ் கோர்ஸை வேறு ஆபீஸ் போட்டது, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பழக்கிவிடுகிற வகுப்பு, எல்லா டிபார்ட்மென்டுக்கும் சேர்த்து, கட்டாயம். கெமிஸ்ட்ரியில் தமிழ் மீடியப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் உண்டு, அவர்களெல்லாம் முதல் பேட்ச், வியாழக்கிழமை லேப், நிம்மதி. ரெண்டாம் பேட்சில் இவள் ஒருத்திதான். கடைசியாகச் சேர்ந்தவள். ஒருத்திக்கு வலித்தால் அது யாருக்கும் சத்தமாகக் கேட்கிறதில்லை. மேல் ஆபீஸில் சொன்னாள், அது ப்ரிட்ஜ் கோர்ஸ்காரங்க பிரச்சனைம்மா, அங்க சொல்லு என்றார்கள். கீழ் ஆபீஸில் சொன்னாள், அது உங்க டிபார்ட்மென்ட் பிரச்சனைம்மா, அங்க சொல்லு என்றார்கள். அந்த 'ம்மா' கூட ஒரே ராகம். பேட்ச் மாற்றித் தாங்க என்றால் ஹெட் கையெழுத்து வேண்டும், ஹெட் வெளியூரில். அப்புறம் இவளே ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே. ரெண்டு பக்கமும் பாதி பாதி தலையைக் காட்டினால் ரெண்டு பேரும் பாதியாவது மன்னிப்பார்கள் என்று நினைத்தாள். பங்காளிகள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி முறை வைத்தாள். பயிர் ரெண்டு பக்கமும் காய்ந்துபோனது. மடச்சி, மடச்சி என்று தன் தொடையிலேயே ஒரு குத்து விட்டாள், கோட்டின் தொங்குகிற கை ஆடியது.

ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாயே, அந்த சாரிடம் ஒரு வார்த்தை சொன்னாயா, மேடத்திடம் சொன்னாயா என்று ஷிஃபானா கேட்டாள். அவள் மேலப்பாளையம், ரூமில் பக்கத்துக் கட்டில், தாவரவியல், ப்ரிட்ஜ் கோர்ஸில் பக்கத்து இருக்கை, வாயைக் கொடுத்தால் விடமாட்டாள். சொல்லவில்லை. எப்படிச் சொல்ல. முதல் வாரம் ஆவுடையப்பன் சார் நம்பர் கூப்பிட்டபோது எல்லாரும் ப்ரெசென்ட் சார், எஸ் சார் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள், இவள் முறை வந்தது, எழுந்து நின்று, பன்னிரண்டு வருஷப் பழக்கம், 'உள்ளேன் ஐயா' என்றாள். ஹாலே குலுங்கியது. விசில் வேறு. சார் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, அப்படியே சொல்லும்மா, இனிமேயும் அப்படியே சொல்லு, கேக்க நல்லாருக்கு என்றார், அது மைக்கில் போய் ரெண்டாம் தடவை சிரித்தார்கள். சார் மெய்யாகத்தான் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா, அவர் முகத்தைப் பார்க்க இவளுக்கு அப்போது கண் இல்லை, கண்ணில் தண்ணீர். அன்றையிலிருந்து காம்பஸ் முழுக்க இவளுக்குப் பெயர் உள்ளேன். கேன்டீனில் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து, உள்ளேன் நகரு, உள்ளேனுக்கு ஒரு வடை. சொல்லு என்று சார் சொன்னதால் சொல்லாமல் இருக்கவும் பயம், ஒவ்வொரு தடவையும் சொன்னாள், சத்தமே வராமல், டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு. அதுவே இப்போது கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. போன வாரம் இவள் லேபுக்குப் போன அன்றைக்கு, நான் பாத்துக்கிடுதேன் என்று ஷிஃபானா இவள் நம்பருக்கு ப்ரெசென்ட் சார் என்றிருக்கிறாள். சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "அந்தப் பொண்ணு இப்படிச் சொல்லாது. அது எங்கே?" ஹாலில் இத்தனை பேருக்கு யார் வேண்டுமானாலும் யாருக்கும் குரல் கொடுக்கலாம், இவள் ஒருத்திக்கு மட்டும் கொடுக்க முடியாது. அடுத்த வாரம் அது என் முன்னாடி வந்து நிக்கணும் என்று சொல்லியிருக்கிறார். அந்த அடுத்த வாரம்தான் இது. ரூமுக்கு வந்து ஷிஃபானா காலைப் பிடிக்காத குறையாக அழுதாள், பிறகு, ஏட்டி, நீ அன்னிக்கே எல்லாரையும் மாதிரி வாய்க்குள்ள எஸ் சார்னு மொனங்கித் தொலச்சிருக்கக் கூடாதா என்று திட்டவும் செய்தாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. மேலே கழுவி முடித்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே செய்முறைத் தேர்வு, ஆளுக்கு ஒரு பியூரெட், ஆளுக்கு ஒரு கரைசல். இவளுக்கு மேலே போகத்தான் ஆசை, அதை ஒளிப்பானேன். பியூரெட்டின் குழாயைத் திருகித் திருகிச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், கீழே குடுவையில் விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் பூத்து மறையும், பூத்து மறையும், கடைசியில் ஒரே ஒரு சொட்டு, அதோடு மறையாது, குடுவை முழுக்க ஒரு மங்கின ரோஸ், அங்கே நிறுத்தவேண்டும். அடுத்த சொட்டு விழுந்தால் பழுது. முதல் தடவை அந்த நிறம் நின்றபோது இவளுக்கு மயிர்க்கூச்செடுத்தது, கோயிலில் நடை திறந்த மாதிரி. கிரேஸ்லின் மேடம் பின்னால் வந்து நின்று, கை நடுங்கலையே உனக்கு என்றார். அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றின விரல் மேடம், எங்கே நடுங்கும். அதையும் சொல்லவில்லை. சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நல்லது சொன்னாலும் வாய் திறக்காது, கெட்டது வந்தாலும் வாய் திறக்காது, என்ன வாய் இது, எதுக்கு வைத்திருக்கிறாய். அம்மா தினமும் போன் போட்டு, கிளாசுக்குப் போனியா என்பாள். போனேன் என்பாள் இவள். பொய் இல்லை, ஏதோ ஒரு கிளாசுக்குப் போயிருப்பாள். ஒருநாள் தாங்காமல் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவுக்குப் புரியவில்லை. தட்டில் பீடித் தூளைத் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே, "ரெண்டு வாத்தியார் எப்படிட்டி ஒரே நேரத்துல வருவாவ? ஒருத்தர் உள்ள இருந்தா இன்னொருத்தர் வெளிய நிப்பாருல்லா?" என்றாள். ஆமாம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான். மணி அடித்தும் கணக்கு டீச்சர் விடாமல் நடத்தினால் அறிவியல் சார் வாசலில் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பார், டீச்சர் பார்த்துவிட்டு, அடடா வாங்க சார் என்பார். இங்கே வாசலில் யாரும் நிற்கிறதில்லை அம்மா. நான்தான் நிற்கிறேன். இதைச் சொல்ல வாயெடுத்தபோது அம்மா அடுப்பில் சோறு பொங்குகிறது என்று வைத்துவிட்டாள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று இசக்கிக்குத் தெரியும், தங்கத்தாய்க்கு ஆனதுதான் ஆகும். எதிர்வீட்டுத் தங்கத்தாய் நர்சிங் படிக்கப் போய் வருஷம் முடியுமுன்னே திரும்பி வந்தாள். முதல் வாரம் தெருவே, என்ன தங்கம், லீவா என்று பிரியமாகக் கேட்டது. அடுத்த மாசமும், என்ன தங்கம், லீவா. பிறகு கேட்பதற்கு முன்னாலேயே சிரிப்பு. பீடிக்கடையில் கட்டுகளைக் கொடுக்கப் போனால் கடைக்காரரும், என்ன நர்சம்மா, லீவு இன்னும் முடியலையா. அவள் இப்போது கடைக்கே போகிறதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பீடி சுற்றுகிறாள், மத்தியானத்தில் கத்திரியில் இலை வெட்டுகிற சத்தம் மட்டும் தெருவுக்குக் கேட்கும். அந்தக் கத்திரிச் சத்தம் இப்போது இவள் காதுக்குள் கேட்டது. என்ன இசக்கி, லீவா. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்பார்கள். அம்மா முந்திக்கொண்டு, ஆமா லீவுதான் என்று சொல்வாள், அம்மா பொய் சொல்லிப் பார்த்ததே இல்லை, எப்படிச் சொல்வாள் அந்த முதல் பொய்யை, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வாள். கோட்டைக் கழற்றிவிடலாம், கீழே போய் சார் காலடியில் நின்றுவிடலாம். மேலே தேர்வு போகும். கோட்டை மாட்டிக்கொண்டு மேலே ஓடிவிடலாம். கீழே சார் பெயரை அடிப்பார். ரெண்டும் வேண்டாம், இப்படியே இறங்கி, ஹாலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு. ஒரு படி இறங்கினாள். மறுபடி ஏறினாள். புறா எழும்பிப் பறந்தது, அந்தப் படபடப்பு நெஞ்சுக்குள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை.

மைக் வந்துவிட்டது. டப் என்று ஒரு அடி, பிறகு சாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி படிக்கட்டு முழுக்க நிறைந்தது. கெமிஸ்ட்ரியிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். அதே மூச்சில் மேலே கிரேஸ்லின் மேடத்தின் குரல், மைக் இல்லாமலே கணீர் என்று, ட்வென்டி ஒன். எஸ் மேம். கீழே, த்ரீ. ப்ரெசென்ட் சார். மேலே, ட்வென்டி டூ. கீழே, செவன். ரெண்டு பக்கத்திலிருந்தும் நம்பர் வந்து இவள் காலடியில் விழுந்துகொண்டே இருந்தது. கீழே நாலே பேர், அப்புறம் இவள். மேலே வேகமாகக் கூப்பிடுகிறார், தேர்வு அவசரம். ஓடு. எங்கே. ட்வென்டி நைன். எஸ் மேம். ட்வெல்வ். ப்ரெசென்ட் சார். தர்ட்டி ஒன். நைன்டீன். கீழே யாரோ இருமினார்கள், சார் நிறுத்தினார், சாமி, அவர் நிறுத்தியே இருக்கட்டும். தர்ட்டி டூ, தர்ட்டி த்ரீ. இப்போது பார், ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்தான் மிச்சம். "தர்ட்டி ஃபோர்" என்றது மேலே. "தர்ட்டி ஃபோர்" என்றது கீழே, கூடவே, "வந்திருக்கா?" என்றும் கேட்டது. அதற்கப்புறம் நடந்தது இவளாகச் செய்தது இல்லை, தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது எதுவோ அதுதான் எழுந்து செய்தது. "உள்ளேன் ஐயா!" என்று கத்தினாள். கத்தின குரல் சுவரில் மோதித் திரும்புவதற்குள் மேலே முகத்தைத் தூக்கி, "உள்ளேன் அம்மா!" என்றாள். அது இவள் குரல் மாதிரியே இல்லை. காலி பஸ்ஸில் கண்டக்டர் கத்துகிற மாதிரி, ஆற்றங்கரையில் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி, மாடி மாடியாக ஏறிப்போய் மொட்டைமாடிக் கதவில் இடித்தது.

கீழே ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது. மேலே செருப்புச் சத்தம். கீழே செருப்புச் சத்தம். இசக்கி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். திறந்தபோது மேல்படியில் கிரேஸ்லின் மேடம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. கீழ்ப்படியில் ஆவுடையப்பன் சார், மூச்சு வாங்க, காலரில் மைக்கோடு. இவளைப் பார்க்கிறதற்கு முன்னால் அவர்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், ஒரே கட்டிடத்தில் இத்தனை நாள் ஏறி இறங்கியும் பார்த்திராதவர்கள் மாதிரி.

"எங்கம்மா இருக்கே நீ, எந்த கிளாஸ்ல?" என்றார் சார். மைக்கை அவர் மறந்துவிட்டார், அவர் கேட்டது கீழே ஹாலுக்குள்ளிருந்தும் பெரிசாகக் கேட்டது.

"ரெண்டுலயும் ஐயா." சொல்லிவிட்டு மேடத்தையும் பார்த்தாள். "செவ்வாக்கிழமை ரெண்டும் ஒரே நேரம். ரெண்டுலயும் குறைஞ்சுட்டு. இன்னைக்கு ஒண்ணு போனாலும் என்னை வீட்டுக்கு அனுப்பிருவாவ." இவள் பேச்சும் மைக்கில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"உங்க வகுப்பும் இப்பத்தானா சார்?" என்றார் மேடம்.

"இப்பத்தான் போட்டுக் குடுத்திருக்காங்க. எனக்கு யாரும் சொல்லலையே." அவர் இவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, முதல் வாரமே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம். இசக்கி அவர் முகத்தை இப்போதுதான் முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தாள். மூக்கில் ஒரு மரு இருந்தது. கண்ணில் கிண்டல் இல்லை, அன்றைக்கும் இருந்திருக்காதோ என்னவோ. அம்மா சொன்ன அந்த வாசல் நினைவுக்கு வந்தது, புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிற சார், அடடா வாங்க என்கிற டீச்சர்.

"நான் இங்கனதான் நின்னுக்கிட்டிருந்தேன் ஐயா," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தீய."

அது ஹாலுக்குப் போய், ஒலிபெருக்கியில் ஒரு சுற்று சுற்றி, படியேறி மறுபடி இவர்களிடமே வந்து சேர்ந்தது. அப்போதுதான் சார் காலரைத் தடவி மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். மேடம் ரெண்டு படி இறங்கி வந்தார். மேலே பியூரெட்டுகள் நிறைந்து நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் இசக்கியின் கோட்டில் காலியாகத் தொங்கின கையைத் தூக்கி விரித்துப் பிடித்தார், குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி.

"இன்னைக்கு உங்க ரெஜிஸ்டர்ல இவ இருக்காளா சார்?"

"அதான் சொல்லிட்டாளே," என்றார் சார், பொத்தின கையை எடுக்காமல். "எங்க ரெஜிஸ்டர்லயும் இருக்கா. அடுத்த வாரம்?"

"அத நாம பேசிக்குவோம். நீங்க வாங்க, இல்ல நான் வாரேன்."

இசக்கியம்மாள் கையை நுழைத்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது, இந்தக் கையோடு எப்படி ஒரே ஒரு சொட்டை நிறுத்தப் போகிறோம் என்று அடுத்த பயம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.